ஊருக்கு வந்த பிள்ளைகளுக்குப் பொழுது போன கதை

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் என் மகளும் பேத்தியும் ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார்கள். பேத்திக்கு வயது ஒன்பது. அவள் வருமுன்பே ஒரு கொப்பியில் நாளுக்கொரு திட்டம் எழுதி வைத்திருந்தேன். முதல் நாள் நல்லூர், மறுநாள் கோட்டையும் நூலகமும், பின்னர் நயினாதீவு, அதன்பின் காரைநகர் கசூரினாக் கடற்கரை. நான்கு நாளும் நன்றாகவே போயின. ஐந்தாம் நாள் காலை அவள் என் கட்டிலருகே வந்து நின்றாள்.

"அம்மம்மா, இண்டைக்கு எங்க போறம்?"

"இண்டைக்கு ஒரு இடமும் இல்லை, குஞ்சு."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அவளுடைய வயதில் நானும் விடுமுறைக்கு வெளியூரிலிருந்து இதே வளவுக்கு வந்து போன பிள்ளைதான். ஆனால் அப்படியொரு கேள்வியை நான் யாரிடமும் கேட்டதாக நினைவில்லை. பல ஆண்டுகள் வரலாறு படிப்பித்த பழக்கத்தால், அந்தக் கேள்வி எப்போது பிறந்தது என்று யோசிக்கத் தொடங்கினேன். எமது சங்கம் நூறு ஆண்டைக் காணும் இவ்வேளையில், உலகெங்கும் பரந்திருக்கும் எம் பழைய மாணவியர் பலரும் இதே கேள்வியோடு ஆண்டுதோறும் ஊருக்கு வருகிறார்கள். ஆகவே, அந்த நூறு ஆண்டில் ஊருக்கு வந்த பிள்ளைகளுக்குப் பொழுது எப்படிப் போயிற்று என்பதைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்போம்.

புகைவண்டி கொண்டு வந்த வழக்கம்

யாழ்ப்பாணத்தவர் ஊரைவிட்டுப் போனது 1983க்குப் பிறகு தொடங்கிய கதையன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே ஆங்கிலம் படித்த எம் இளைஞர்கள் கொழும்பு அரசாங்கக் கந்தோர்களுக்கும், மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும், எழுதுவினைஞர் வேலைகளுக்கும் போகத் தொடங்கிவிட்டார்கள். குடும்பத்தையும் கூட்டிச் சென்றவர்களுக்கு அன்றும் இன்றைய கவலையே இருந்தது. வெள்ளவத்தையிலோ கோலாலம்பூரிலோ வளரும் பிள்ளை ஊரை அறியாமற் போய்விடுமோ என்பதே அது.

ஆனால் அன்று போக்குவரத்து இலகுவாக இருக்கவில்லை. கொழும்பிலிருந்து வருவோர் கரையோரமாகக் கப்பலில் வரவேண்டும். அல்லது வன்னிக் காட்டினூடாக வண்டியில் நாட்கணக்காக வரவேண்டும். சிறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அடிக்கடி செய்யக்கூடிய பயணமல்ல அது. 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் ரயில் ஓடத் தொடங்கியது. 1905இல் வடபகுதிப் பாதை முழுமையடைந்து கொழும்போடு இணைந்தது. ஏறத்தாழ 250 மைல் தூரத்தை ஓர் இரவில் கடக்க முடிந்தபோதுதான், 'விடுமுறைக்கு ஊருக்குப் போதல்' என்பது உத்தியோகக் குடும்பங்களின் வழக்கமாக வேரூன்றியது.

1956 ஏப்ரல் 23ஆம் திகதி யாழ்தேவி ஓடத் தொடங்கியது. அப்போது எனக்கு எட்டு வயது. அப்பா கொழும்பில் எழுதுவினைஞர். ஆண்டில் மூன்று முறை, பள்ளிக்கூடம் மூடிய மறுநாளே நாங்கள் கோட்டைப் புகையிரத நிலையத்தில் நிற்போம். இடியப்பமும் சம்பலும் வாழையிலையில் கட்டி, தண்ணீரைக் கூசாவில் எடுத்துவருவார் அம்மா. பொல்காவலை, மாகோ, அநுராதபுரம், மதவாச்சி, வவுனியா என்று நிலையங்களின் பெயர்களை ஒருவர் விட்டு ஒருவர் சொல்லவேண்டும். தவறவிட்டவர் யன்னலோர இடத்தை மற்றவருக்குக் கொடுக்கவேண்டும். மாங்குளம் கழிந்தால் முதற் பனையைக் கண்டவருக்கு அப்பா ஐந்து சதம் தருவார். ஆனையிறவு வந்ததும் விளையாட்டு நின்றுவிடும். இருபுறமும் வெளித்துக் கிடக்கும் கடலேரியையும் குவித்து வைத்த உப்பையும் எல்லோரும் பேசாமல் பார்த்திருப்போம். அதற்கப்பால் வருவது எங்கள் பகுதி என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை.

மூன்று விடுமுறையும் மூன்று பருவமும்

ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் என்ற மூன்று தவணை விடுமுறைகளும் எங்கள் ஊரின் மூன்று பருவங்களோடு பொருந்தி வந்தன. ஒரு விடுமுறையில் செய்ததை மறு விடுமுறையில் செய்ய முடியாது. அதனால் அலுப்புத் தட்டவும் இல்லை.

சித்திரை விடுமுறை வருடப்பிறப்போடு வரும். மாமரக் கொப்பில் ஊஞ்சல் கட்டுவார்கள். ஒழுங்கையில் போர்த்தேங்காய் அடிப்பார்கள். ஒருவர் தேங்காயை நிலத்தில் வைக்க, மற்றவர் தம் தேங்காயால் அதன்மேல் ஓங்கி அடிப்பார், உடைந்தது தோற்றது. தடித்த சிரட்டையுள்ள தேங்காயைத் தட்டிப் பார்த்தே கண்டுபிடிக்கும் பெரியவர்கள் அன்று ஊருக்கு ஊர் இருந்தார்கள். நுங்குக் காலமும் அதுவே. நுங்கைக் குடித்துவிட்டுக் கோம்பைகளைத் தடியில் கோத்து வண்டில் உருட்டுவோம்.

ஆகஸ்ட் விடுமுறை நல்லூர்த் திருவிழாக் காலம். இருபத்தைந்து நாள் திருவிழா. வெளியூரிலிருந்து வரும் சொந்தமெல்லாம் அந்த வீதியில்தான் சந்திக்கும். அதே காலம் பனம்பழக் காலமும் ஆகும். இரவில் 'தொப்' என்று விழும் சத்தத்தைக் கேட்டுவைத்து, விடிவதற்குள் போய்ப் பொறுக்கவேண்டும். பிந்தினால் மாடு சூப்பிவிடும். பழத்தைப் பிசைந்து களி எடுத்து, பாயிற் பரவி, வெயிலிற் காயவிட்டால் பனாட்டு. மாவோடும் சீனியோடும் சேர்த்துப் பொரித்தால் பனங்காய்ப் பணியாரம். எஞ்சிய கொட்டைகளைப் பாத்தி போட்டுப் புதைக்கவேண்டும்.

மார்கழி விடுமுறை மழையும் குளிருமாக வரும். விடியற்புறம் திருவெம்பாவைச் சங்கொலி கேட்டு எழும்புவோம். மழை விட்டதும் வாடைக் காற்றில் பட்டம் ஏறத் தொடங்கிவிடும். கொக்கு, பிராந்து, வெளவால், எட்டுமூலை என்று பட்டங்களுக்கு எத்தனை உருவங்கள்! விண் பூட்டிய பட்டம் இரவிரவாகக் கூவும். தைப்பொங்கலோடு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் இன்றும் பெரும் பட்டப் போட்டி நடப்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகஸ்டில் புதைத்த பனங்கொட்டை கிழங்காகக் கிண்டப்படுவதும் இக்காலத்தில்தான். நாங்கள் கொழும்புக்குத் திரும்பிய பிறகு கிண்டினால், அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் பார்சலில் வரும். 'இது உன்ரை பாத்தி' என்று அம்மம்மா கடிதத்தில் எழுதுவித்திருப்பார்.

நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்பைப் பற்றிச் சிறுவருக்குப் பாடிய பாட்டை நாமெல்லோரும் கீழ்வகுப்பிற் பாடியிருக்கிறோம். அதிலே விடுதலை நாளின் மகிழ்ச்சியாகப் புலவர் காட்டுவது அம்மா மாவறுப்பதையும், கூழ் காய்ச்சுவதையும், கொழுக்கட்டை அவிப்பதையும்தான். பிள்ளைகளின் விடுமுறை அடுப்படிக்குப் பக்கத்தில் நடந்த ஒன்று என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டுமா?

வேலையும் விளையாட்டும்

இவற்றைத் திரும்பிப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. எங்களுக்குப் பொழுது போக்காட்டவென்று பெரியவர்கள் தனியாக ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் தம் வேலையைச் செய்தார்கள். எங்களையும் அதற்குள் விட்டார்கள். பனாட்டுப் பாயைக் காகத்திடமிருந்து காப்பதும், அரிசிமா இடிக்கும்போது அரிதட்டுப் பிடிப்பதும், துலாக் கிணற்றடியில் வாய்க்கால் மாற்றிவிடுவதும் வேலையா விளையாட்டா என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை. மத்தியான வெயிலில் மட்டும் "திண்ணையில இருங்கோ" என்ற கட்டளை வரும். அப்போது தாயக்கட்டையோ, பல்லாங்குழியோ, கொக்கானோ வெளிவரும். வெயில் தாழ்ந்ததும் கிளித்தட்டு.

இதற்கெல்லாம் இன்னொரு முதல் இருந்தது. அதுதான் ஆட்கள். அம்மம்மா வீட்டு வளவில் ஆகஸ்ட் மாதத்தில் பதினொரு பிள்ளைகள் இருப்போம். பெரியம்மாவின் பிள்ளைகள், மாமாவின் பிள்ளைகள், அயல்வீட்டார் எல்லோரும் ஓரிரு வயது முன்பின். கிளித்தட்டுக்கு ஆள் பிரிக்கவே அரைமணி நேரம் சண்டை பிடிக்கலாம். ஆள் இருந்தால் திட்டம் தேவையில்லை.

ஆனாலும் எல்லாம் பொற்காலம் என்று எழுதினால் அது வரலாறாகாது. பட்டம் அண்ணன் ஏற்றினான். நான் நூல் சுற்றினேன். மாட்டுவண்டிச் சவாரிக்கு ஆண்பிள்ளைகள் போனார்கள். நாங்கள் வந்தபின் கதை கேட்டோம். பெரியபிள்ளை ஆனதும் மச்சாள்மாரின் கிளித்தட்டு ஒரே நாளில் நின்றது. நேற்றுவரை மதிலேறிக் குதித்தவள் மறுநாள் யன்னலுக்குள்ளே நின்று பார்த்தாள். அவர்களுக்கு எஞ்சியது கொக்கானும், ஊஞ்சலும், வாசிகசாலையிலிருந்து தம்பிமார் வாங்கிவரும் புத்தகமும்தான். எங்கள் தலைமுறைப் பெண்கள் பலர் வாசிப்புப் பைத்தியமானதற்கு அந்த அடைப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அம்புலிமாமா ஒன்று வந்தால் அட்டை கிழியும்வரை ஆறு பேர் வாசிப்போம். வானொலியில் சிறுவர் மலர் கேட்பதற்கென்று வானொலி இருந்த வீட்டு விறாந்தையில் எல்லோரும் கூடுவோம்.

விடுதியில் தங்கிவிட்ட தோழி

ஊருக்கு வர முடியாத பிள்ளைகளின் கதையும் எமது பாடசாலையோடு சேர்ந்ததே. என் அம்மாவும் இங்கேதான் படித்தார். அவரது காலத்தில், தாய் தந்தையர் மலாயாவில் இருக்க, இங்கே விடுதியில் விடப்பட்ட பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். 1942இன் தொடக்கத்தில் மலாயாவும் சிங்கப்பூரும் யப்பானியர் வசமாயின. கப்பலும் நின்றது, கடிதமும் நின்றது. 1945இல் யுத்தம் முடியும்வரை பெற்றோர் உயிரோடிருக்கிறார்களா என்பதே தெரியாமல் அப்பிள்ளைகள் படித்தார்கள். விடுமுறை வந்ததும் விடுதி வெறிச்சோடிவிடும். அப்படியான ஒரு தோழியை அம்மா தவணைதோறும் தம் வீட்டுக்குக் கூட்டிச் சென்றார்.

நான் வளர்ந்தபின் ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன்: "அந்தப் பிள்ளை அழாமல் இருக்க நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டும் செய்யேல்லை. அவளையும் முத்தம் கூட்ட விட்டம். விருந்தாளி மாதிரிக் கதிரையில இருத்தியிருந்தால்தான் அழுதிருப்பாள்."

எத்தனையோ நூல்களில் வாசித்ததைவிட அந்தப் பதில் என் மனதில் நின்றுவிட்டது.

எனக்கும் அப்படியொரு மாற்றம் வந்தது. 1958ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது கொழும்பிலிருந்து அகதிகளைக் கப்பலேற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். எங்கள் குடும்பமும் அப்படி வந்தது. அப்பா வேலைக்குத் திரும்பிப் போக, நானும் தங்கையும் அம்மம்மாவோடு தங்கி இப்பாடசாலையிற் சேர்ந்தோம். அதன் பிறகு விடுமுறைக்கு வரும் மச்சாள்மாரை எதிர்பார்த்து நிற்பவளானேன். கொழும்புக்காரிகள் வந்திறங்கும்போது மெல்லிய சப்பாத்தும் ரிப்பனுமாக இருப்பார்கள். மூன்றாம் நாள் பார்த்தால் வெறுங்காலோடு பனங்கூடலுக்குள் நிற்பார்கள்.

ஊர் சுற்றிய நாட்கள்

அக்காலத்தில் வெளியே கூட்டிப் போவதே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். விடுமுறைக்கு ஒன்றிரண்டு முறை கார் பிடித்து, ஒரு காருக்குள் எட்டுப் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு போவார்கள். கீரிமலைக் கேணியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறு வேறு பகுதி. கடலுக்கு அருகிலேயே நல்ல தண்ணீர் ஊறும் அதிசயத்தை ஒவ்வொரு தடவையும் நாவில் வைத்துப் பார்த்தே நம்புவோம். கசூரினாவில் எவ்வளவு தூரம் போனாலும் தண்ணீர் இடுப்பளவே நிற்பதால் பெரியவர்கள் கரையிலிருந்து பயமின்றிக் கதைத்திருப்பார்கள். நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்ப்பதற்கு ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொள்வோம். பட்டணத்துக்குப் போனால் வெலிங்டனிலோ ரீகலிலோ ஒரு படம், பிறகு சுபாஸ் கபேயில் ஐஸ்கிறீம். 1959இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் அதன் வெள்ளைக் கட்டடத்தில் திறக்கப்பட்ட பிறகு, பெண்பிள்ளைகள் தனியே போய்வர வீட்டார் அனுமதித்த முதலாவது இடமாக அது அமைந்தது. கிழமைக்கு இரண்டு நாள் சைக்கிளில் போய்வருவோம்.

எதிர்த்திசையிலும் பயணம் நடந்தது. ஊர்ப்பிள்ளைகள் கொழும்புக்குப் போய்த் தெகிவளை மிருகக்காட்சிச்சாலையையும் காலிமுகத்திடலையும் பார்த்தார்கள். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை, தலைமன்னாரில் கப்பலேறி அங்கே இறங்கிச் சிதம்பரம் போய்வந்த குடும்பங்களும் உண்டு. ஆயினும் அவையெல்லாம் விடுமுறையின் ஓரிரு நாட்கள். மீதி முப்பது நாளையும் வளவே பார்த்துக்கொண்டது.

முறிந்த காலம்

என் மகள் பிறந்தது 1981இல். அவ்வாண்டு மே 31ஆம் திகதி இரவு மூட்டிய தீயில் எங்கள் நூலகமும், ஏறத்தாழ 97,000 நூல்களும் சாம்பலாயின. 1983 ஜூலைக்குப் பிறகு விடுமுறைக்கு வர மச்சாள்மார் கொழும்பில் இருக்கவில்லை. ஒவ்வொருவராக வெளிநாடு போய்விட்டார்கள். பதினொரு பிள்ளைகள் விளையாடிய முற்றத்தில் அவள் ஒருத்தியே மிஞ்சினாள்.

1987 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் எங்கும் சண்டை நடந்தபோது அவளுக்கு ஆறு வயது. வளவுக்குள் பங்கர் வெட்டியிருந்தோம். ஷெல் சத்தத்தின் நடுவே ஒரு பிள்ளையை அமைதியாக வைத்திருப்பதுதான் என் வாழ்நாளில் நான் செய்த மிகக் கடினமான பொழுதுபோக்காட்டல். புளியங்கொட்டையைக் கைக்குள் மூடி 'ஒற்றையா இரட்டையா' கேட்டேன். மண்ணிற் கோடு கீறித் தாயம் ஆடினோம். ரயில் நிலையங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக் கொடுத்தேன். கொக்கான் மட்டும் சொல்லித்தர முடியவில்லை. கல்லை மேலே எறிந்து பிடிக்கவேண்டுமே. பங்கரின் கூரை எங்கள் தலைக்கு ஒரு சாண் மேலேதான் இருந்தது.

1990 ஜூனில் மீண்டும் யுத்தம் மூண்டபோது யாழ்தேவியும் நின்றது, மின்சாரமும் நின்றது. சில மாதங்களில் நாங்கள் கொழும்புக்கும் பின்னர் கனடாவுக்கும் போய்விட்டோம். இங்கிருந்த பிள்ளைகளுக்குப் பொழுது எப்படிப் போயிற்று என்பதை எமக்கு இளைய பழைய மாணவியர் சொல்லியே அறிந்தேன். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதிக்க, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் மற்றவர்கள் வானொலி கேட்டிருக்கிறார்கள். ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் நாவல் வாசித்திருக்கிறார்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தினூடாகத் தென்மராட்சிக்கு நடந்தபோது, பள்ளிக்கூட மண்டபங்களிலும் மரங்களின் கீழும் தங்கிய பிள்ளைகள் அங்கேயும் எட்டுக்கோடு கீறிக் கெந்தியிருக்கிறார்கள்.

அந்த ஆண்டுகளில் வெளிநாடுகளில் வளர்ந்த எம் பிள்ளைகளுக்கு ஊர் என்பது ஒரு புகைப்பட அல்பம். அவர்கள் கோடை விடுமுறையில் முகாம்களுக்கும் நீச்சலுக்கும் போனார்கள். நாங்கள் இரண்டு வேலை செய்துகொண்டு, பிள்ளைகள் ஏதோ ஒன்றில் சேர்க்கப்பட்டிருக்கிறார்களே என்று ஆறுதலடைந்தோம்.

திரும்பி வந்தவர்கள்

2002இல் ஏ9 பாதை திறந்தபோது எத்தனையோ குடும்பங்கள் முதன்முறையாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தன. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு வடக்கே வந்தார்கள். 2006 ஆகஸ்டில் பாதை மீண்டும் மூடியது. யுத்தம் முடிந்து, நானும் என் கணவரும் 2011இல் ஊரோடு திரும்பி வந்தோம். 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்ததைப் பார்க்கப் போன கூட்டத்தில் நானும் நின்றேன்.

இப்போது ஆண்டுதோறும் ஆடி ஆவணியில் வீதியெங்கும் வெளிநாட்டுப் பிள்ளைகள். அவர்கள் ஊருக்கு வருகிறார்கள். ஆனால் வளவில் ஆட்கள் இல்லை. ஒரு மச்சாள் பாரிஸில், ஒருத்தி சிட்னியில், ஒருத்தி ஒஸ்லோவில். ஒவ்வொரு நாட்டுப் பள்ளிக்கூடமும் ஒவ்வொரு நேரத்தில் மூடுகிறது. அதனால் நாங்கள் இடங்களைக் காட்டத் தொடங்கினோம். வான் பிடித்து, பட்டியல் போட்டு, படம் எடுத்து, முடிந்ததும் வீட்டுக்கு வந்து வைஃபை எண்ணைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். அத்தோடு "வெயிலுக்க போகாத", "கிணத்தடிக்குப் போகாத", "அது ஊத்தை, தொடாத" என்று சொல்லி, மிஞ்சிய வளவையும் மூடிவிடுகிறோம். பேத்தி கேட்ட கேள்வி பிறந்தது இங்கேதான். அம்மா சொன்ன அந்தக் கதிரையிலே அவளை நான்தான் இருத்தி வைத்திருந்தேன்.

ஐந்தாம் நாளும் அதன் பிறகும்

அன்று நான் கொப்பியை மூடி வைத்தேன். நேரமாற்றத்தால் அவள் அதிகாலை நான்கு மணிக்கே விழித்துவிடுகிறாள் என்று மகள் குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் அந்த நேரத்துக்கு அவளை எழுப்பி, ரோச் லைற்றைக் கையிற் கொடுத்துப் பின்வளவுக்குக் கூட்டிச் சென்றேன். பனம்பழம் ஏழு கிடைத்தன. பிசையும்போது முழங்கை வரை மஞ்சளாக்கிக்கொண்டாள். மணம் பிடிக்கவில்லை என்றாள்; பணியாரம் சுட்டதும் ஆறு தின்றாள். அயல்வீட்டில் அவள் வயதில் ஒரு பிள்ளை இருக்கிறாள். "பனங்காய் எத்தினை பொறுக்கினனீ?" என்று மதிலுக்கு மேலால் அவள் கேட்டாள். அதன் பிறகு என் உதவி அதிகம் தேவைப்படவில்லை.

அந்தப் பிள்ளைதான் பேத்திக்குக் கொக்கான் பழக்கினாள். கல் தேடவே ஒரு நாள் போயிற்று. விறாந்தையில் இருவரும் எறிந்து எறிந்து பிடிக்க, என் மகள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு ஏலுமோ, அம்மா?" என்று பேத்தி கேட்டாள்.

"எனக்கு ஒருத்தரும் காட்டித் தரேல்லை" என்றாள் மகள். குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். ஆனால் எனக்குத்தான் தொண்டை அடைத்தது. மூட்டுவலியோடு நிலத்திலே இருந்து, நாற்பத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்றாம் கட்டையிலிருந்து காட்டிக் கொடுத்தேன். அவளுக்குக் கல் பிடிபடவில்லை. பேத்திக்கு அதைப் பார்க்கப் பெரிய சந்தோஷம்.

கொட்டைகளைப் பின்வளவிலே பாத்தி போட்டோம். பேத்தி ஒரு மட்டையில் தன் பெயரை எழுதிக் குத்தினாள். மிஞ்சிய இரண்டு கிழமையும் அவள் எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை. கோட்டையையும் நயினாதீவையும் பற்றி இன்று கேட்டால், படத்தைப் பார்த்துத்தான் சொல்வாள்.

எம் பழைய மாணவியருக்கு இந்த வரலாறு சொல்வது இவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பிள்ளைகளைக் கூட்டிவருமுன் சகோதரிகளோடு கதைத்து, முடிந்தால் ஒரே மாதத்தில் வாருங்கள். கோயிலும் கடற்கரையும் பார்க்கத்தான் வேண்டும், ஆனாலும் மச்சாளுக்கு ஈடாக ஒரு கடற்கரையும் இல்லை. சொந்தத்தில் பிள்ளை இல்லாவிட்டால் அயலில் ஒரு பிள்ளை இருக்கும். போய்க் கதவைத் தட்டுங்கள். வீட்டிலே நடக்கும் வேலையில் ஒன்றை முழுமையாக அவர்களிடம் விடுங்கள், பழுதாக்கினாலும் பரவாயில்லை. மூன்றில் ஒரு நாளையேனும் திட்டமில்லாமல் விடுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு விளையாட்டையாவது கையோடு கை சேர்த்துக் காட்டிக் கொடுங்கள். பெண்பிள்ளைகளிடம் நூலை மட்டும் கொடுக்காமல் பட்டத்தையும் கொடுங்கள்.

2024ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு முதற்கிழமை பாத்தியைக் கிண்டினோம். அயல்வீட்டுப் பிள்ளை கைத்தொலைபேசியைப் பிடித்துக் காட்ட, ரொறன்ரோவில் பனி கொட்டும் இரவில் பேத்தி நித்திரைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தினை கிழங்கு?"

"பதினாலு."

"நான் பதினேழு எல்லோ தாட்டனான்! மற்ற மூண்டும் எங்க?"

மூன்று முளைக்கவில்லை என்றோம். வடிவாகத் தேடவில்லை என்று எங்களைக் கோபித்தாள். புழுக்கொடியலாக்கித் தபாலில் அனுப்பினேன். அந்த மூன்றையும் தேட இன்னொரு விடுமுறைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.